சொந்தக் கலவை

புகையிலை போடுகிறவர்களில் ஒரு மேட்டிமைக் கூட்டம் உண்டு. கடைப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொள்கிறவனை இவர்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. இலையைத் தாமே பொறுக்கி வாங்கி, காம்பு கிள்ளி, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து உலர்த்தி, கிராம்பும் ஏலமும் தட்டிப் போட்டு, வெற்றிலைச் செல்லத்தில் பத்திரப்படுத்துவார்கள். 2013இல் தமிழ்நாடு அரசு குட்காவைத் தடை செய்தபோது, "அந்தக் குப்பையை எப்போதோ ஒழித்திருக்க வேண்டும்" என்று கைதட்டியவர்களும் இவர்கள்தாம்.

எங்கள் புதுக்கோட்டையில் இத்தகைய ரசிகர்களுக்குக் குறைவில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கண்ணை மூடி முகர்ந்தே இலையின் பதத்தைச் சொல்லிவிடுவார். மேல்நாட்டில் பைப் பிடிக்கிறவர்களும் இப்படித்தான். இனிப்புக்கு வர்ஜீனியா, கனத்துக்குப் பர்லி, புகைமணத்துக்கு லடாக்கியா என்று வீட்டிலேயே கலந்துகொள்கிறார்கள். இதில் கலை இல்லை என்று நான் சொல்லவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்கே புகையிலையைத் தூது விட்ட நாடு இது! என் சண்டை கலையோடு அல்ல. அதன் பேரால் சொல்லப்படும் பொய்களோடு.

முதல் பொய், "நான் கலந்தது சுத்தமானது" என்பது. சுத்தமான புகையிலை என்றால் என்ன? சுத்தமான நஞ்சுதானே! இலையைப் பதப்படுத்தும்போதும் புளிக்கவைக்கும்போதுமே நைட்ரோசமின் என்னும் நச்சுப் பொருள்கள் பெருகுகின்றன. மணம் பிறக்கும் வேளையில் கூடவே அதுவும் பிறக்கிறது. போதாததற்கு, சுண்ணாம்பு சேர்ந்தால் நிகோடின் இன்னும் வேகமாகக் கன்னத்துச் சதைக்குள் இறங்குகிறது. கிராம்பு வாசனையைத்தான் மாற்றும், வினையை மாற்றாது.

இரண்டாவது, "தாத்தா காலத்து வழக்கம்" என்பது. தாம்பூலம் பழையதுதான். புகையிலையோ போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கிய அமெரிக்கச் சரக்கு. பழமையும் ஒரு காப்பு அல்ல. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் அறிவித்துவிட்டது.

மூன்றாவது, "என் வாய், என் பாடு" என்பது. அப்படியானால் செல்லம் ஏன் கூடத்தில் இருக்கிறது? விருந்துக்கு வந்த மாப்பிள்ளைக்கு, "நம்ம வீட்டுச் சரக்கு, ஒரு துளி போட்டுப் பாருங்கள்" என்று நீட்டுவது யார்? கடைக்காரன் காசுக்கு விற்கிறான். இவரோ அன்போடு கொடுக்கிறார். அன்போடு கொடுப்பதை மறுப்பது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியாதா?

இந்த ஊரில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய் புகையிலையால் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தத் துயரத்தை மனத்தில் சுமந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். அங்கே வாய்ப் புற்றுநோயோடு போய் நிற்பவரிடம், "உமது கலவை கடைச் சரக்கா, கைச் சரக்கா?" என்று எந்த வைத்தியரும் தரம் பிரித்து மெச்சப் போவதில்லை.

சொந்தக் கலவையின் பெரிய ஆபத்து வேறொன்று. கடைப் பொட்டலத்தின் முகப்பில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறையில் உள்ள விதி. பார்க்கச் சகிக்காத படம். அப்படி இருப்பதே அதன் நோக்கம். நம் ரசிகரின் செல்லத்திலோ பித்தளைப் பூவேலைதான் இருக்கிறது. கலப்பதற்கு முன் அவர் முதலில் களைந்துவிடுவது காம்பை அல்ல, அந்த எச்சரிக்கையை!

ஐயா, அந்த நாசியும் கைப்பக்குவமும் வீணாக வேண்டாம். காப்பிக்கொட்டை இருக்கிறது. பீபரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி வேண்டுமா வேண்டாமா என்று ஆயுள் முழுதும் கலந்து பார்க்கலாம். மாப்பிள்ளைக்கும் மனச்சாட்சி உறுத்தாமல் நீட்டலாம். முடியாது, புகையிலைதான் வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள். கடைப் பொட்டலத்தின் படத்தை வெட்டி உங்கள் செல்லத்து மூடியில் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் நீட்டுங்கள்.