வினா முதலில், விலைப்புள்ளி பிறகு

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில், காதங்கி என்னும் சிற்றூரில் 1,024 ஆண்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் எம்.எஸ்.டி. ரேடார் அது. அதன் அலைவெண் 53 மெகாஹெர்ட்ஸ். எந்த விற்பனையாளரும் பரிந்துரைத்த எண் அன்று அது. அந்த அலைவெண்ணின் அலைநீளம் ஏறத்தாழ 5.66 மீட்டர், அதில் பாதியான 2.8 மீட்டர் அளவிலுள்ள காற்றுக் கொந்தளிப்புகளே அலையை எதிரொலிக்கும். தெளிந்த வானிலும் காற்றின் போக்கை அளப்பது எவ்வாறு என்ற வினா முதலில் எழுந்தது. கருவி அதற்கு விடையாக வந்தது.

ஆய்வகங்களுக்கு உயர்திறன் கணினி வாங்கும்போது மட்டும் இந்த வரிசை ஏன் தலைகீழாகிறது? மார்ச்சு மாதம் நெருங்குகிறது. ஒதுக்கிய நிதியைச் செலவிட்டாக வேண்டும். விற்பனையாளரின் விவரக்குறிப்பே சில சொல் மாற்றங்களுடன் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பாகிவிடுகிறது. எந்த நிரலை, எவ்வளவு தரவோடு, எத்தனை மணி நேரம் இயக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

இதன் விளைவு கணக்கில் தெரியும். டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் வானிலை மாதிரியின் பொதுப்பதிப்பு சி.பி.யு.விலேயே இயங்குகிறது, விலையுயர்ந்த ஜி.பி.யு. அட்டை அதற்குப் பயன்படாது. அதன் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வேகம். எட்டு நினைவக வழிகள் கொண்ட சி.பி.யு.வில் 128 ஜி.பி.யை எட்டு 16 ஜி.பி. துண்டுகளாகப் பொருத்தாமல் இரண்டு 64 ஜி.பி. துண்டுகளாகப் பொருத்தினால், ஆறு வழிகள் வெறுமனே கிடக்கும். விவரக்குறிப்பில் இரண்டும் ‘128 ஜி.பி.’ என்றே இருக்கும்.

மூலக்கூறு இயக்கத்தைக் கணிக்கும் குரோமாக்ஸ் நிரலுக்கு ஜி.பி.யு. பெருந்துணை. ஆனால் இரட்டைத் துல்லியம் கேட்கும் கணக்கீட்டுக்கு ஆர்.டி.எக்ஸ். 4090 போன்ற அட்டை ஏற்றதன்று. அதன் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான். பேச்சறி மாதிரியைப் பயிற்றுவிக்கும் மொழியியலாளர்க்கு அட்டையின் நினைவகம் முதன்மை. பிராட் நிரலில் உயிரொலிகளை அளப்பவர்க்கோ அந்த அட்டையே வேண்டாம். நல்ல ஒலிவாங்கியும் ஓசையற்ற அறையும் போதும். இந்நால்வருக்கும் ஒரே கணினியைப் பரிந்துரைப்பதைச் சமத்துவம் என்பது பொருந்தாது, அது சோம்பல்.

குறைந்த விலை கேட்டவருக்கே கொடுக்க வேண்டிய விதிதான் தடை என்பர். அது பாதி உண்மை. குறைந்த விலை, விவரக்குறிப்பை நிறைவு செய்தோருக்குள்தான் பார்க்கப்படுகிறது. விவரக்குறிப்பை எழுதுவது ஆய்வகமே. பொது நிதி விதிகள் 2017-உம் தேவைக்கேற்ற விவரக்குறிப்பையே கோருகின்றன. தேவையற்ற அம்சங்களைச் சேர்க்கலாகாது என்கின்றன. எதிர்காலத் தேவைக்காக வாங்குகிறோம் என்பாரும் உளர். பயன்படாத அட்டைக்கும் உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

செய்ய வேண்டியது அரிதன்று. ஆய்வகம் தன் நிரலைத் தன் தரவுடன் கடன் பெற்ற கணினியில் ஒரு வாரம் ஓட்டி, தடை சி.பி.யு.விலா, நினைவகத்திலா, வட்டிலா என அளக்கட்டும். இந்நிரல், இத்தரவு, இத்தனை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதையே ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையாக்கட்டும். நாள்தோறும் அக்கணினியின் முன் அமரப்போகும் ஆய்வு மாணவருக்குக் கொள்முதல் குழுவில் ஓர் இருக்கை தரட்டும்.

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது, ஐ.ஐ.டி.யும் ஐசரும் 2015-இல் வந்தன. அறிவியலை நம்பி அங்கு வருவோரின் உதவித்தொகைக் காலம் வரையறுக்கப்பட்டது. தவறாகத் தேர்ந்த கணினி தின்பது அரசுப் பணத்தை மட்டுமன்று, அவர்களின் ஆண்டுகளையும்தான். காதங்கியின் அறிஞர்கள் அலைநீளத்தைக் கணக்கிட்ட பின்னரே கம்பங்களை நட்டனர். அந்த ஒழுங்கைக் கணினிக்கும் கடைப்பிடிக்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.