தோட்டா துளைக்குமா? கணினி சொல்லும்... ஆனா லைசென்ஸ் யார் கையில்?

பெங்களூருவில் சிமுலேஷன் வேலை பார்க்கும் நண்பர் இருந்தால், ‘எல்எஸ்-டைனா’, ‘ரேடியாஸ்’ என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். கார் விபத்து முதல் கவசத்தில் தோட்டா பாய்வது வரை கணினியிலேயே கணிக்கும் மென்பொருள்கள் இவை.

எப்படி வேலை செய்யுது?

கவசத் தகட்டைப் பல்லாயிரம் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்போது நசுங்கும், உடையும் என்று மைக்ரோநொடிக்கும் குறைவான இடைவெளிகளில் கணக்கிடும்.

இப்போ என்ன பிரச்சினை?

2025-ல் இரண்டும் கைமாறின. ரேடியாஸின் ஆல்டேரை சீமென்ஸும், எல்எஸ்-டைனாவின் அன்சிஸை சினாப்சிஸும் வாங்கின. அதே ஆண்டு மே மாதம், சிப் வடிவமைப்பு மென்பொருளைச் சீனாவுக்கு விற்க இந்த இரு நிறுவனங்களுக்கும் அமெரிக்கா தடை போட்டது, ஜூலையில் நீக்கியது. அது வேறு மென்பொருள்தான். ஆனால் 1998 பொக்ரான் சோதனைக்குப் பின், தேஜஸ் விமானக் கட்டுப்பாட்டுப் பணியில் அமெரிக்க ஒத்துழைப்பு நின்றதை பெங்களூரு பார்த்திருக்கிறது.

மாற்று இருக்கா?

இருக்கு. 2022-ல் ஆல்டேர் வெளியிட்ட ‘ஓப்பன்ரேடியாஸ்’ ஓப்பன் சோர்ஸ். ஆனால் கோடு மட்டும் போதாது. செராமிக் எந்த அழுத்தத்தில் நொறுங்கும் என்ற அளவு தவறினால், வீடியோ அழகாக வரும். விடை தப்பாக வரும்.

அதனால்தான் கடைசித் தீர்ப்பு இன்னும் துப்பாக்கியிடமே. டிஆர்டிஓவின் கான்பூர் ஆய்வகம் உருவாக்கி, 2024 ஏப்ரலில் அறிவித்த எடை குறைந்த கவச உடையும் சண்டிகரில் சுட்டுச் சோதிக்கப்பட்டதே. அங்கே அளந்து சேர்க்கும் தரவை எந்த லைசென்ஸும் பறிக்க முடியாது. நாம் முதலில் சேர்க்க வேண்டியது அதைத்தான்.