சல்லடை என்னும் உவமை

சென்ற மாதம் விடுதி முற்றத்தில் முதலாண்டுத் தம்பி ஒருவர் என்னை மடக்கினார். "அண்ணா, செல் சவ்விலுள்ள பொட்டாசிய வாய்க்கால் ஒரு சல்லடை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினீர்களாமே! சோடிய அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியதாயிற்றே, அது ஏன் நுழையவில்லை?" என்றார். நான் விழித்தேன்.

பொட்டாசிய அயனியின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம், சோடியத்தினுடையது 0.95. கடலையை விழவிட்டுக் கடுகை நிறுத்தும் சல்லடையை எந்தச் சந்தையில் விற்கிறார்கள்? அந்த உவமையை வகுப்பறையிலிருந்து ஒழித்தாக வேண்டும் என்பதே என் கட்சி.

சூட்சுமம் நீரில் இருக்கிறது. கரைசலில் ஒவ்வோர் அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு திரிகிறது. குறுகலான வாய்க்காலில் நுழைய அந்தப் போர்வையைக் களைய வேண்டும். களைவதற்கு ஆற்றல் செலவாகும். 1998-இல் மெக்கின்னன் குழுவினர் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசிய வாய்க்காலைப் படம்பிடித்துக் காட்டினர். அங்கே புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியத்தை எட்டு ஆக்சிஜன்கள், ஏறத்தாழ நீர் சூழ்ந்திருந்த அதே தொலைவில் சூழ்கின்றன. இழந்ததெல்லாம் அதற்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. சோடியமோ தன் நீரை இன்னும் இறுகப் பற்றியிருப்பது. களைந்தால் நட்டம் ஈடாவதில்லை. ஆகவே வெளியிலேயே நின்றுவிடுகிறது. சோடியத்தைவிடப் பொட்டாசியம் பதினாயிரம் மடங்கு எளிதாகக் கடக்கிறது. அதுவும் நொடிக்குப் பத்துக் கோடி அயனி என்னும் வேகத்தில்! 2003-இல் மெக்கின்னனுக்கு நோபெல் பரிசு கிடைத்ததில் வியப்பென்ன?

நிற்க. இதையும் நான் வேதவாக்காகக் கொள்ளேன். அந்த ஆக்சிஜன்கள் கல்லில் செதுக்கியவை அல்ல. இரு அயனிகளின் ஆர வேறுபாடு 0.38 ஆங்ஸ்ட்ராம்தான்; ஆக்சிஜன்கள் அதற்கும் மேலாகவே அசைந்தாடுகின்றன. அளவெடுத்துத் தைத்த சட்டை இப்படியா நெளியும்? நெருங்கி நிற்கும் ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று தள்ளுவதே தேர்வுக்கு முக்கிய காரணம் என 2004-இல் ரூ முதலியோர் வாதிட்டனர். இந்த வழக்கைப் பற்றி எங்கள் பாடக்குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் குறுகலிலுள்ள கிளைசின்கள், மற்ற அமினோ அமிலங்களுக்கு எளிதில் வாராத கோணத்தில் திரும்பி நிற்கின்றன. எந்தக் கோணம் இயலும், எது இயலாது என்று 1963-இல் வரைந்து காட்டியது சென்னைப் பல்கலைக் கழகத்து ஜி. என். இராமச்சந்திரன் குழு. அந்த வரைபடத்தை ஒரு தாளிலும் வாய்க்காலை வேறொரு தாளிலும் படிக்கிறோம். இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்வாரில்லை.

தம்பியின் கேள்வியையே தேர்வில் கேட்கட்டும். எனக்கு மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும்.

அவருக்கு ஒருவாறு விடை சொல்லிவிட்டேன். உடனே அடுத்த கணை: "அப்படியானால் சோடிய வாய்க்கால் பொட்டாசியத்தை எப்படித் தடுக்கிறது?" சனிக்கிழமை மாலை சங்க அறையில் அதைத்தான் பேசப் போகிறோம். தெரிந்தவர்கள் வாருங்கள், தெரியாதவர்கள் கட்டாயம் வாருங்கள்.