இயந்திரம் அறிவோம்: படகில் பொறி விழும் நேரம்

சென்ற இதழில் மோட்டார் வண்டியின் பிளக்கைப் பற்றி எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், தம் புதல்வன் கடற்கரைப் பட்டறை ஒன்றில் வேலை பயில்வதாகவும், அங்கே பழுது பார்க்க வந்துள்ள 'அட்டாமிக் 4' என்னும் பழைய படகு இயந்திரத்திற்கு டைமிங் வைக்கும் முறையை விளக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

நம் துறைமுகங்களில் காணும் மீன்பிடி விசைப்படகுகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. அவற்றிற்குப் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. அன்பர் குறிப்பிடுவதோ பெட்ரோல் இயந்திரம். அமெரிக்காவில் ஆஷ்காஷ் நகரத்து யுனிவர்சல் கம்பெனியார் 1947 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை இதைச் செய்தனர். நான்கு சிலிண்டர்கள் கொண்ட இது, பாய்மரப் படகுகளின் வயிற்றினுள்ளே அமர்வது.

அவ்வாறு உள்ளே அமர்ந்திருப்பதே முதல் அபாயம். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. வண்டியில் அது தெருவோடு போய்விடும். படகிலோ அடித்தளத்தில் தேங்கி நிற்கும். நாம் செய்யப்போவதோ பொறியைக் கொண்டு செய்யும் வேலை! ஆதலால் ஆவியை வெளியேற்றும் புளோயரை நான்கு நிமிஷமாவது ஓடவிட்டு, குனிந்து முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் தொடலாம். பட்டறையில் பெரியவர்கள் அவசரப்படுத்தினாலும் பையன் இதை விடலாகாது.

இனி விஷயத்திற்கு வருவோம். பெட்ரோல் கலவை பற்றி எரியச் சிறிது காலம் பிடிக்கும். நிமிஷத்திற்கு 2,000 சுற்று ஓடும் இயந்திரத்தில், ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்குள் கிராங்க் 12 டிகிரி சுழன்றுவிடுகிறது. எனவே ஓட்டத்தில் பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி விழ வேண்டும். மிகவும் முந்தினால் பிஸ்டன் மேலேறும்போதே எதிர்த்து அடிபடும். பிந்தினால் சக்தி குறைந்து சூடு ஏறும். வண்டி இறக்கத்தில் இளைப்பாறும். படகுக்கு இறக்கம் ஏது? நீரைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது எந்நேரமும் மேடேறும் வண்டிக்குச் சமானம். ஆகவே சிறு பிழையும் விரைவில் இயந்திரத்தைக் கெடுக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புமுன் பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிசெய்தல் அவசியம். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகையால் டைமிங் வைத்த பின் பாயிண்டைத் தொட்டால் முன்செய்த வேலை வீண்.

முதல் சிலிண்டர் என்பது ஃபிளைவீல் பக்கம் உள்ளது. பெட்ரோலை அடைத்து, அதன் பிளக்கைக் கழற்றித் துளையில் கட்டைவிரலை வைத்து, கைப்பிடியால் மெல்லச் சுற்றுக. காற்று விரலைத் தள்ளும் ஏற்றமே நமக்கு வேண்டியது. புகை வெளியேறும் ஏற்றத்திலும் பிஸ்டன் உச்சிக்கு வருமாதலால் ஏமாறலாகாது. உச்சியில் நிறுத்தி, கைப்பிடியை உருவிவிட்டு, பிளக்கையும் மூடியையும் மாட்டிவிட வேண்டும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய கம்பி முனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையே சிறு பல்பு ஒன்றை இணைத்துச் சாவியைத் திருப்புக. பிடிதிருகைத் தளர்த்தி, உள்ளே ரோட்டர் சுழலும் திசையிலேயே உடலைத் திருப்பினால் பல்பு அணையும். பின் எதிர்த்திசையில் மெல்லக் கொண்டுவந்தால் ஓரிடத்தில் பளிச்சென எரியும். பாயிண்ட் திறக்கும் கணம் அதுவே. திருகை இறுக்கிச் சாவியை உடனே அணைத்துவிடுக. நெடுநேரம் விட்டால் காயில் சூடேறிக் கெடும்.

புறப்பட இது போதும். முடிவான சோதனை ஓட்டத்தில்தான். படகை வலுவான கயிறுகளால் துறையில் கட்டி, குளிர்நீர் வெளிவருவதைப் பார்த்துக்கொண்டு, இயந்திரம் சூடேறியபின் முன் கியரில் போட்டு வேகத்தைக் கூட்ட வேண்டும். சுமையின்றி வைத்த டைமிங்கை நான் நம்புவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழையாக முன்னும் பின்னும் அசைத்தால் சுற்று மிகுதியாகும் இடம் தெரியும். அங்கிருந்து சிறிதே பிந்தவிட்டு இறுக்குவது நல்லது. அடிபடும் ஓசை படகின் இரைச்சலில் காதுக்கு எட்டாது. உடலைப் பிடிக்கலாம், மேலுள்ள தடித்த கம்பிகளைப் பிடிக்கலாகாது. வேட்டி நுனியும் தளர்ந்த சட்டைக் கையும் ஃபிளைவீலருகே வேண்டாம்.

மூடியோ டிஸ்ட்ரிபியூட்டரோ மாற்ற நேர்ந்தால் படகுக்கென்றே செய்ததை வாங்குக. மோட்டார் வண்டிச் சாமான் மலிவாகவும் பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் உட்பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றாதபடி தடுக்கும் வலை அதில் இராது. பாயிண்டின் உராயும் கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் தானே பிந்துமாதலால், புதுப் பாயிண்ட் போட்ட சில நாட்களில் மறுபடி ஒருமுறை பார்த்துவிடச் சொல்லவும்.