பழுது பார்க்கிறதும் படிப்புத்தான்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடை. வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் றேடியோ கேட்ட கதையை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுறம். ஆனால் வீட்டு விறாந்தையில் பழைய யூபிஎஸ் ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிற பிள்ளையைக் கண்டால், "உதை விட்டிட்டுப் போய்ப் படி" எண்டுதான் சொல்லுறம். ஏன் இந்த இரட்டை நியாயம்?

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, இந்தப் பழைய பெட்டிகளின் அருமை எல்லாருக்கும் விளங்கினது. "போர்ட்டையே மாத்தோணும்" எண்டு கைவிடப்படுகிற யூபிஎஸ், இன்வேட்டர் பலதில் செத்திருப்பது வீங்கின ஒரு கப்பாசிற்றர், இல்லையெண்டால் ஷோர்ட்டான ஒரு மொஸ்ஃபெற் மட்டும்தான்.

அதைக் கண்டுபிடிக்கத் துணிச்சல் மட்டும் காணாது. பிளக்கைக் கழற்றின பிறகும் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிற்றரில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கலாம். முதலில் அதை இறக்கோணும். திருத்தின பிறகு, தொடரில் ஒரு குண்டு பல்ப் போட்டுத்தான் கரண்ட் குடுக்கோணும். உள்ளே இன்னும் ஷோர்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், புதுசாகப் போட்ட பாகம் தப்பும். இது பௌதிகம் இல்லையெண்டால் வேறென்ன?

ஐரோப்பிய ஒன்றியம் சில வீட்டுப் பொருட்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமையை 2024இல் சட்டமாக்கினது. சேர்க்கிற் படமும் உதிரிப்பாகமும் கேட்கிற உரிமை எங்களுக்கும் வேணும். அதுவரைக்கும், டைனமோக் கதை சொல்லுற ஆக்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல மல்ரிமீற்றர் வாங்கிக் குடுங்கோ.