ஓர் அடைமொழியின் கதை

பட்டத்துக்காக எழுதப்படும் ஆராய்ச்சிக் கட்டுரை, நூல்நிலையத் தட்டிலே தூசு படிந்து கிடக்கவே பிறந்தது என்பார் பலர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். மில்மன் பரி என்பாரின் வரலாற்றை அறிந்தபின் அவ்வெண்ணம் அகன்றது.

கலிபோர்னியாவிற் பிறந்த இவர், 1928ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துச் சோர்போன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறிது: ஹோமர் காவியங்களில் வரும் அடைமொழிகள். இலியட்டிலே அக்கிலீஸ் என்னும் வீரன் கால் விரைந்தவனாகவே பேசப்படுகிறான். சினங்கொண்டு கப்பலருகே வாளா அமர்ந்திருக்கும்போதும் அதே அடைமொழிதான். இஃது என்ன பொருத்தம்? யாப்பே காரணம் என்றார் பரி. அடியில் எஞ்சும் இடத்தின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு வீரனுக்கும் ஒவ்வொரு தொடர் ஆயத்தமாக இருந்தது. ஒரே அளவுக்கு இரண்டாந் தொடர் காண்பது அரிது. இத்தகைய சிக்கனம் தனியொரு புலவனின் ஆக்கமன்று. பாடகர் பரம்பரையின் முதுசொம்.

ஏட்டறிவோடு அவர் அமையவில்லை. 1933க்கும் 1935க்கும் இடையில் யூகோசிலாவியாவுக்குச் சென்று, ஒற்றை நரம்புக் கருவியை வில்லால் இசைத்துப் பாடுவோரைத் தேடி அலைந்தார். அவர்களுள் ஒருவரான அவ்தோ மெதெடோவிச், எழுத்தறியாத இறைச்சிக்கடைக்காரர். பன்னீராயிரம் அடிகளுக்கு மேற்பட்ட கதைப்பாடலொன்றை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டனர். ஏறத்தாழ ஒடிசியின் நீளம்! எழுத்தின்றிப் பெருங்காவியம் இயலுமோ என்று ஐயுற்றோர்க்கு வேறென்ன விடை வேண்டும்? 1935 முடியுமுன்னரே, 33 வயதில், துப்பாக்கிக் குண்டு பட்டுப் பரி இறந்தார். உடன் சென்ற மாணவர் அல்பேட் லோர்ட் பின்னர் அவ்வாய்வைத் தொடர்ந்து, 1960இல் நூலாக்கினார்.

இக்கதை நம்மையும் தொடுகின்றது. தினகரன் ஆசிரியராக விளங்கிய க. கைலாசபதி, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தபோது, சங்கச் செய்யுளையும் கிரேக்கக் காவியத்தையும் அருகருகே வைத்து இம்முறையாலே நோக்கினார். 1968இல் அது ஆங்கில நூலாயிற்று. சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபின என்பது அவர் முடிபு. அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் ஹார்ட் உடன்படவில்லை. புலவர் எழுத்தறிந்தோர், பாணர் மரபைப் பின்பற்றிப் பாடினர் என்றார்.

நமக்கு ஹார்ட் கூற்றே சற்று அண்மையாகப் படுகின்றது. பல்லாயிரம் அடிகளை நிறுத்தாது பாடுவோனுக்கு ஆயத்தத் தொடர்கள் உயிர்நாடி. பத்தடி அகவல் பாடும் புலவனுக்கு அவை அத்துணை வேண்டுமோ? ஆயினும் புறநானூற்றைப் புரட்டுந்தோறும் ஒரே தொடர்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. அப்போதெல்லாம் கைலாசபதியின் நூலை மீண்டும் கையிலெடுக்கிறோம்.