சாக்குப் பை சொல்லும் வரலாறு

இயற்கை வளம், இயந்திரம், போர் ஆகிய மூன்றுமே நாகரிகங்களின் உயர்வு தாழ்வைத் தீர்மானித்தன என்று முதலாளித்துவ வரலாற்றாசிரியர்கள் எழுதி வருகின்றனர். இவற்றின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் வளம் யாருக்கு உடைமையாக இருந்தது, இயந்திரம் யாருடைய லாபத்துக்காக ஓடியது, போரில் மடிந்தவர் யார், கொழுத்தவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. தஞ்சை விவசாயி நெல்லைக் கொட்டிக் கட்டும் சணல் சாக்கின் கதையே இக்கேள்விகளுக்கு விடை தரும்.

சணல் வங்கத்து வண்டல் மண்ணின் விளைச்சல். அதைக் கைத்தறியில் கோணியாக நெய்து கடல் கடந்து விற்றவர்கள் வங்க நெசவாளர்கள். ஸ்காட்லாந்தின் டண்டி நகர முதலாளிகள் சணல் நாரைத் திமிங்கல எண்ணெயில் பதப்படுத்தி இயந்திரத்தில் நூற்றனர். இயந்திரப் போட்டியில் கைத்தறி நசிந்தது. 1853இல் மூண்ட கிரிமியப் போர் டண்டிக்கு ரஷ்ய ஆளிநார் வருவதைத் தடுக்கவே, சணலுக்குக் கிராக்கி ஏறியது. 1855இல் கொல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் ஆலை எழுந்தது. ஹூக்ளியின் இரு கரைகளிலும் ஆலைகள் பெருகின. ராணிகஞ்ச் நிலக்கரியும், பிகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழை உழவர்களின் உழைப்பும் மலிவாகக் கிடைத்தன.

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்கு மணல் மூட்டைகள் தேவைப்பட்டன. ஆலை அதிபர்கள் கொள்ளை லாபம் குவித்தனர். தொழிலாளிக்கு அதில் பங்கில்லை. 1929இல் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 60 மணியாக உயர்த்தினர். தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தத்தால் பதிலளித்தனர். 1937இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் களம் கண்டனர்.

அடுத்த போரின்போது, ஜப்பானியர் கையில் சிக்கிவிடும் என்று அஞ்சி வங்கக் கரையோர மக்களின் படகுகளை ஆங்கில அரசு பறித்தது. 1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டனர். வளமான மண் இருந்தது. ரயிலும் நீராவிக் கப்பலும் இருந்தன. அவற்றின் மீது மக்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. 1947இல் ராட்கிளிஃப் கோடு ஆலைகளை இந்தியாவிலும் சணல் வயல்களில் பெரும்பகுதியைப் பாகிஸ்தானிலும் நிறுத்தியது. அந்தச் சுமையும் உழைப்பாளிகளின் தலையிலேயே விழுந்தது.

இன்று பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழைப் பை சந்தையைப் பிடித்துவிட்டது. தானியத்தைச் சணல் பையில் கட்ட வகைசெய்யும் 1987ஆம் ஆண்டுச் சட்டமே ஆலைகளின் உயிர்நாடி. அதைத் தளர்த்தச் செயற்கை இழை முதலாளிகள் நெருக்குகின்றனர். ஆலை வாசலில் ஒருநாள் காலை கதவடைப்பு அறிவிப்பு தொங்குகிறது. மாலைக்குள் தொழிலாளியின் வீட்டு அடுப்பு அணைகிறது. இதைத் ‘தொழில்நுட்ப வளர்ச்சியின் தவிர்க்கவியலா விளைவு’ என்கின்றனர் ஆளும் வர்க்க அறிஞர்கள்.

தோழர்களே, இது விதியன்று. உடைமை உறவின் விளைவு. இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. அச்சட்டத்தைக் காப்பது, ஆலைகளைத் திறக்க வைப்பது, சணல் விவசாயிக்குக் கட்டுப்படியான விலை பெறுவது ஆகியவை உடனடிப் போராட்டங்கள். மண்ணும் இயந்திரமும் உழைப்போர் உடைமையாகும் வரை இப்போராட்டம் ஓயாது.